வாசலில் காய்ந்த வேப்பிலை

நம் வயதுக்காரர்கள் ஒரு நிமிடம் சட்டைக் கையை உயர்த்தி இடது தோளைத் தடவிப் பாருங்கள். ஓர் ஊசித் தழும்பு தட்டுப்படும். சிலருக்கு இரண்டு இருக்கும். நடக்கத் தெரியாத வயதில் யாரோ நம்மைத் தூக்கிக்கொண்டு போய், கையை இறுக்கிப் பிடித்துக் கொடுத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றதன் அடையாளம் அது. தூக்கிக்கொண்டு போனது யார், அன்றைக்கு அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை. நானும் கேட்காமல்தான் இருந்தேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை மூன்று பிள்ளைகளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் மகனுக்குப் பத்து வயது முடிந்திருக்கிறது. அந்த வயதுக்கு ஓர் ஊசி உண்டு. கூட இருந்த இரண்டும் என் தம்பியின் பிள்ளைகள், ஐந்து வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும். தம்பி என்றால் என் பெரியம்மாவின் கடைசி மகன். வீட்டில் இன்றைக்கும் அவனுக்குக் கடைக்குட்டி என்றுதான் பெயர். முப்பத்தெட்டு வயதாகிறது. ஏசி மெக்கானிக். தகரம் கிழித்து உள்ளங்கை பிளந்தாலும் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்க்கிற ஆள்.

காலையில் பிள்ளைகளை என் வீட்டில் விட வந்த அவன் மனைவி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணி, இதுங்களுக்குப் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில போட்டதோட சரி. உங்க பையனுக்குப் போடறப்ப சேத்துப் போட்டுடுங்க. அவருகிட்ட நான் அப்புறம் பேசிக்கறேன்."

டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் போன் அடித்தது. அதை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுக்காரி எடுத்து, அப்பா, நாங்கள் ஊசி போட வந்திருக்கிறோம், அத்தை சாக்லேட் வாங்கித் தருவாள் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"அக்கா, இன்னா வேல இது? எம் புள்ளைங்களுக்கு அதெல்லாம் வேணாம். எனக்கு யாரு ஊசி போட்டா? ஒன்றர வயசுல ஒடம்பு பூரா அம்மா வந்து, அந்த மாரியாத்தாளே காப்பாத்தி உட்டா. தெருவுக்கே தெரியும். நீயும் அங்கதான இருந்த?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆடியிலும் தன் கைக்காசில் கூழ் காய்ச்சி, மாரியம்மன் கோயில் வாசலில் நின்று தன் கையாலேயே ஊற்றுகிறான். பொழைச்ச உசுருக்கு ஊத்தறது என்பான்.

நானும் அங்கேதான் இருந்தேன். நடந்தது வேறு. அதைச் சொல்ல மாட்டேன் என்று அவன் தலைமேல் கை வைத்து வாயைக் கட்டிக்கொண்டவள் நான். இதை எழுதும்போது அந்த வெள்ளிக்கிழமை கழிந்து எட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் தினமும் சாயங்காலம் ஏதாவது ஒரு சாக்கு வைத்து அவனுக்குப் போன் செய்து, நன்றாக இருக்கிறானா என்று குரலைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அந்தக் கோடையில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். எங்கள் வீடு கனகசெட்டிக்குளத்தில் இருந்தது. அப்பா அங்கே வாத்தியார். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருக்க வேண்டும் என்பதால் என்னையும் ஐந்து வயதுத் தங்கையையும் முதலியார்பேட்டையில் இருந்த பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

இரண்டு அறை வீடு. தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல், பச்சை பெயிண்ட் உரிந்த கம்பிகள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் உள்ளங்கை முழுக்கத் துரு நாற்றம் வரும். ஜன்னலுக்குக் கீழே பெரியம்மாவின் தையல் மெஷின். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள். பெரியப்பா லாரி ஓட்டுபவர், கேரளா பக்கம் போனால் திரும்ப இருபது நாள்கூட ஆகும். பெரியம்மாவின் மூத்த மகனை அண்ணன் என்போம், அவனுக்குப் பன்னிரண்டு வயது. கடைக்குட்டிக்கு ஒன்றரை. நடக்கத் தொடங்கியிருந்தான். சிவப்பு விளிம்பு போட்ட ஓர் எனாமல் குவளை வைத்திருந்தான். அதில் தண்ணீர் கொடுத்தால்தான் குடிப்பான், அதைத் தலைமாட்டில் வைத்தால்தான் தூங்குவான். விளிம்பில் ஒரு இடத்தில் எனாமல் உதிர்ந்து கறுப்பாகத் தெரியும். அந்தக் குவளை எங்கே போனது என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு நர்ஸம்மா பெரிய நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் வீடு வீடாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை, கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்னச் சிலுவை, வெயிலில் கறுத்துப்போன கைக்குடை. அடுத்த தெருவில் இருந்த டாக்டர் வீட்டில் மூன்று வெள்ளிக்கிழமை முத்தடுப்பு ஊசி போடுவார்கள், சின்னப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வர வேண்டும் என்று சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டார். அந்த டாக்டர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் படித்தவர். ஊசி போட்டதைக் குறித்துத் தரும் சின்ன நோட்டைக் கர்னே என்பார். தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைக் கர்னே என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பெரியம்மாவிடம் கர்னே கிடையாது. அண்ணனுக்குக் கொடுத்திருந்ததைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

அதற்குக் காரணம் அண்ணனின் இடது கையில் இருந்தது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கேயோ ஒரு இடத்தில் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட ஊசி சீழ் கட்டிவிட்டது. கை வீங்கி, ஜுரம் வந்து, கடைசியில் கத்தி வைத்துக் கீறினார்கள். தோளுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை உட்காரும் அளவுக்குப் பள்ளம். விளையாட்டில் நாங்கள் அதற்குள் விரலை வைத்துப் பார்ப்போம். அவன் அலட்டிக்கொள்ள மாட்டான். பெரியம்மா பார்த்தால் எங்கள் கையைத் தட்டிவிடுவாள். அன்றைக்கு அவனைத் திமிற விடாமல் பிடித்தது அவள் கைதான் என்பதை ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அவன் வேணாம் வேணாம்னு என் மூஞ்சியப் பாத்தான். நான்தான் அமுக்கிப் புடிச்சேன்" என்றாள். பாபினில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னாள். நூல் அறுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் அறியாமையில் கர்னேயைக் கிழித்தாள் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். என் மகனுக்கு முதல் ஊசி போட்ட அன்று அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் எதிலிருந்து ஓடினாள் என்பது எனக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டில் ஒரு பையனுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தார்கள். நர்ஸம்மா அந்த வீட்டுப் படியில் கால் வைக்கவில்லை. தெருவிலேயே நின்று, தண்ணி ஊத்தினப்புறம் வரேம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பெரியம்மா தையலை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நாங்கள் எழுந்தபோது எங்கள் வாசலிலும் வேப்பிலைக் கொத்து இருந்தது.

அண்ணன் யாருக்கு அம்மா வந்திருக்கிறது என்று கேட்டான். யாருக்கும் வரவில்லை, மூணு வெள்ளிக்கிழமை போகிற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் அவிழ்த்துவிடுகிறேன், அதுவரைக்கும் யாரும் படி தாண்டக்கூடாது என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான் அவள் போட்ட திட்டம். ஊசிக்காரர்களுக்குக் கதவைச் சாத்த ஒரு கொத்து வேப்பிலை போதும் என்று நினைத்தாள். அந்தக் கொத்து எல்லாருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் நாளே வீராம்பட்டினத்து மீன்காரம்மா கூடையை இறக்காமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தைக்கக் கொடுத்தவர்கள் ஜாக்கெட்டைக் கேட்டு வரவில்லை. அம்மா இருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, மெஷின் சத்தம் கேட்கக் கூடாது. பொய் சொல்லியிருந்தாலும் நாங்கள் அத்தனையையும் செய்யவேண்டியிருந்தது. செய்யாவிட்டால் தெருவுக்குத் தெரிந்துவிடும். கடுகு வெடிக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பருப்பும் சோறும், மோரும் சோறும். கோடை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் ஐந்து பேர், பாதி சாத்திய கதவு. தங்கை வாசற்படியின் உள்பக்கம் உட்கார்ந்து, வெளியே ஓடும் பிள்ளைகளின் கால்களை எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணிக்கை முப்பதைத் தாண்டத் தெரியாததால் திரும்பத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

எதிர்வீட்டுப் பெண், தன் பையனுக்கு முதல் தண்ணீர் ஊற்றிய கையோடு எங்கள் படியில் இளநீர் கொண்டுவந்து வைத்தாள். யாருக்கு வந்திருக்கிறது என்று கேட்டாள். பெரியம்மா ஜன்னலுக்குள்ளிருந்து எங்கள் நான்கு பேரையும் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் பேசத் தெரிந்தவர்கள், உளறிவிடுவோம்.

"கடைக்குட்டிக்கு" என்றாள்.

அந்தப் பெயரைச் சொன்ன பிறகு அவள் தன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அப்பா வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். வாசலுக்கு வந்தவர் வேப்பிலையைப் பார்த்ததும் ஒரு காலைத் தரையில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் அம்மாவிடம் திரும்பிப் போகவேண்டியவர். உள்ளே வர முடியாது. அம்மை போட்ட வீட்டு வாசலில் நின்று யாரையும் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை, போய் வருகிறேன் என்று சொல்லுகிற வழக்கமும் இல்லை. கையில் இருந்த பன் பொட்டலத்தை ஜன்னல் ஓரமாக வைத்தார். கம்பி இடுக்கில் என் விரலைத் தொட வந்த கை பாதியில் நின்றது. எனக்கு ஒன்றுமில்லை அப்பா, யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். பெரியம்மா என் பின்னால் நின்றிருந்தாள். அவள் கை என் தோள்மேல் இருந்தது. அழுத்தவில்லை, வெறுமனே இருந்தது.

அப்பா சைக்கிளைத் திருப்பினார். கடைசி வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் வழக்கம்தான்.

நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அண்ணனுக்கு ஓர் இருமல் இருந்தது. பெரிய பிள்ளைகளுக்கு அது இருமலாகவே வந்து இருமலாகவே போய்விடும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கடைக்குட்டிக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு இருமினான். பிறகு அந்த இருமல் நிற்காமல் தொடர்ந்து, மூச்சு முழுக்கத் தீர்ந்து, கண் பிதுங்கி, கடைசியில் ஊ என்று காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கினான். பழைய பம்ப் காற்றிழுக்கிற மாதிரியான சத்தம். இருமி முடித்தால் குடித்த பாலெல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு ஒன்றுமே நடக்காதவன் போல எனாமல் குவளையைத் தேடுவான்.

அடைபட்ட வீட்டில் அந்தச் சத்தத்திலிருந்து போக இடமில்லை. அடுப்படிக்குப் போனாலும் கேட்டது. பாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டாலும் கேட்டது. தங்கை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் நர்ஸம்மா வந்து தெருவில் நின்றார். அவர் உள்ளே வர மாட்டார் என்பதால் பேசுவதற்கு என்னை ஜன்னலுக்கு அனுப்பினாள் பெரியம்மா. தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டார். இன்னும் இறங்கவில்லை என்றேன். சொல்லிக்கொடுத்தபடி. அப்போது உள்ளே இருமல் தொடங்கியது. பெரியம்மா அவன் முகத்தைத் தன் முந்தானையில் புதைத்துக்கொண்டிருக்க வேண்டும், சத்தம் அமுங்கித்தான் வந்தது.

"யாரு பாப்பா இருமறது?"

"நான்தான்" என்றேன். பின்பக்கம் இருந்து வந்த சத்தத்துக்கு அது பொருந்தவில்லை என்று எனக்கே தெரிந்தது. அதனால் இருமிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நன்றாகவே இருமினேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெந்நீர் குடி, சில்லுன்னு எதுவும் குடிக்காத என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். பெரியம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு வரைக்கும் என்னால் விழுங்க முடியாதது அந்தப் பெருமைதான்.

அன்றிலிருந்து ஆறு நாள். ஒவ்வொரு நாளும் அவன் இளைத்தான். தூக்கினால் எடை தெரியவில்லை. இருமும்போது உதடு நாவற்பழம் தின்றவன் உதடு மாதிரி ஆனது. அண்ணன் டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு முறை சொன்னான். பெரியம்மா அப்போதே வேறு ஆளாக மாறியிருந்தாள். தலை வாராமல், பழைய சோற்றையும் சாப்பிடாமல், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மா கட்டின கொத்து அவளுக்கு நிஜமாகிவிட்டது.

"அவ பேரச் சொல்லிக் கட்டினேன். இந்த வாயாலயே இவன் பேரச் சொன்னேன். சொன்ன எடத்துக்கு வந்துட்டா. தண்ணி ஊத்தி அனுப்பாம எப்பிடிடா படி தாண்டறது? அவ இருக்கறப்ப தூக்கிட்டுப் போனா வழியிலயே எடுத்துக்குவா."

அப்படியானால் தண்ணி ஊத்து என்றான் அண்ணன். "வராதவளுக்கு எப்பிடிடா ஊத்துவேன்" என்றாள் அவள். அம்மா வரவில்லை என்பதால் தண்ணீர் ஊற்ற முடியாது. அம்மா வந்திருக்கிறாள் என்பதால் வெளியே போக முடியாது. அந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பதினொரு மணி வெயிலில் நர்ஸம்மா வந்தார். இன்றைக்குத்தான் கடைசி என்று சொல்ல வந்திருந்தார். தெருப் பிள்ளைகள் கையில் கர்னேயோடு டாக்டர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் படியேறி வந்து வேப்பிலையைத் தொட்டார். அது அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது.

"பதினேழு நாளா அதே கொத்து" என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். "அம்மா இருக்கற வூட்டுல தெனம் புதுசு கட்டுவாங்க பாப்பா. எங்கியும் வேப்பிலை காஞ்சி நான் பாத்ததில்ல."

பெரியம்மா அத்தனை விதிகளையும் தெருவுக்குப் பயந்து கடைப்பிடித்தவள். இந்த ஒன்றை மட்டும் மறந்திருந்தாள். இல்லை, இரண்டாவது முறை பொய்க்கு வேப்பிலை ஒடிக்க அவளுக்குக் கை வராமல் போயிருக்கலாம்.

உள்ளே இருமல் தொடங்கியது. இந்தத் தடவை முந்தானை மறைக்கவில்லை. இழுத்துக்கொண்டே போனது, முடிவில் வரவேண்டிய ஊ வரவில்லை.

"யாரு இருமறது?"

"தம்பி" என்றேன். "அவனுக்கு அம்மை இல்ல. யாருக்கும் இல்ல. அன்னிக்கு நான் பொய்யா இருமினேன்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கடைக்குட்டியைப் பெரியம்மா மடியிலிருந்து தூக்கிக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினார். சளி கயிறாக வந்து விழுந்தது, அந்தச் சத்தமும் வந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் போனவரின் புடவையைப் பெரியம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொல்லாதீங்க, அவ போற வரைக்கும் கொண்டுபோகாதீங்க என்று கெஞ்சினாள்.

நர்ஸம்மா திட்டுவார் என்று நினைத்தேன். பாடம் நடத்துவார் என்று நினைத்தேன். அப்படித் திட்டியிருந்தால் பெரியம்மா அந்தப் புடவையை விட்டிருக்கவே மாட்டாள்.

"மஞ்ச இருக்கா?" என்று அண்ணனிடம் கேட்டார். "ஒரு சொம்புத் தண்ணியில கலந்து எடுத்தா."

அண்ணன் ஓடிப் போய்க் கொண்டுவந்தான். நர்ஸம்மா கடைக்குட்டியை இடது தோளில் போட்டுக்கொண்டு, வலது கையால் சொம்பை வாங்கினார். அவன் பாதத்தில் கொஞ்சம் ஊற்றினார். பெரியம்மாவின் தலையில் கொஞ்சம். மீதியை வாசற்படியில் முழுக்க ஊற்றினார். தண்ணீர் தெருவுக்கு ஓடியது. நிலையில் இருந்த காய்ந்த கொத்தை எட்டிப் பிடுங்கி அந்தத் தண்ணீரில் போட்டார். குனிந்தபோது கழுத்துச் சிலுவை வெளியே வந்து ஆடியது. எதிர்வீட்டுப் பெண் தன் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எறங்கிட்டாங்க" என்றார். "நான் ஊத்திட்டேன். எதுனா வந்தா எனக்கு வரட்டும். இப்ப எழுந்திரு, புள்ளய நீயே தூக்கிக்க."

பெரியம்மா எழுந்தாள்.

நாங்கள் நாலு பிள்ளைகளும் இரண்டு பெண்களும் அந்த வெயிலில் ஓட்டமும் நடையுமாக டாக்டர் வீட்டுக்குப் போனோம். பதினேழு நாளுக்குப் பிறகு தெருவில் கால் வைத்ததில் கண் கூசியது. தங்கைக்கு ஒரு செருப்புத்தான் கிடைத்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகள், அழுகை, ஸ்பிரிட் வாசனை, ஸ்டவ் மேல் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடி ஊசிக்குழாய்கள். வரிசை தானாக வழிவிட்டது. டாக்டர் கடைக்குட்டியைப் பார்த்ததும் கக்குவான் என்ற ஒரு வார்த்தைதான் சொன்னார். முத்தடுப்பு ஊசி தடுக்கிற மூன்று நோயில் ஒன்று அது. தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். காரில் ஏறப்போன பெரியம்மா திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். யார் முகத்தையும் குறிப்பாகப் பார்க்காமல், "இதுங்களுக்கு எது போடணுமோ போட்டுடுங்க" என்றாள். அண்ணன் முதல் ஆளாகப் போய், பள்ளம் விழுந்த கையை விட்டுவிட்டு மற்றக் கையை நீட்டினான்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் கடைக்குட்டி வீட்டுக்கு வந்தான். அதற்கு முன்பே தெரு ஒரு கதையைக் கட்டி முடித்திருந்தது. பதினேழு நாள் இறங்காமல் நின்ற கடுமையான அம்மை, தண்ணீர் ஊற்றியதும் போனது, இருமல் அதன் மிச்சம். பெரியப்பா லாரியை விட்டு இறங்கியதும் முதலில் கேட்டது அந்தக் கதையைத்தான். கோயிலுக்குப் போய் ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு வந்தார். அதைக் கேட்ட அன்று பெரியம்மா எங்கள் மூன்று பேரையும் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். கடைக்குட்டி அவள் இடுப்பில் இருந்தான். அவன் தலையில் எங்கள் கையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாது. இவனுக்கும். சொன்னா இவன் தலைக்குத்தான்."

தலைமுடி வளராமல் புசுபுசுவென்று இருந்தது. கைக்கடியில் உச்சிக்குழியில் துடிப்பு இருப்பது போலத் தோன்றியது. ஒன்றரை வயதில் அது மூடியிருக்கும் என்று இப்போது தெரியும். துடித்தது என் விரலாக இருக்கும்.

பெரியம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் அவளும் அவனிடம் சொல்லவில்லை. ஆடியில் அவன் கூழ் ஊற்றும்போது கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவன் கையால் ஒரு நாளும் வாங்கிக் குடித்ததில்லை.

இதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை கிளினிக்கின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டுப் போனது. போனில் அவன் காத்துக்கொண்டிருந்தான். நீயும் அங்கதான இருந்த என்று இன்னொரு முறை கேட்டான். இரண்டு வயதுக்காரன் என் மடியில் இருந்தான். என் கை அவன் தலைமேல் இருந்ததை அப்போதுதான் கவனித்து எடுத்தேன்.

நான் எம்.ஏ. படித்தவள். ஒரு சொல்லால் ஒரு தலைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பிள்ளைகளை நர்ஸிடம் விட்டுவிட்டு வராந்தாவின் கோடிக்குப் போய், முதலில் அவனை எங்கேயாவது உட்காரச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கொத்தை, பன் பொட்டலத்தை, சொம்புத் தண்ணீரை. நான் இருமிக் காட்டியதையும் சொன்னேன். நான் முடித்ததும் அவன் போனை வைத்துவிட்டான்.

எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் கிளம்பி வருவான் என்று எனக்குத் தெரியும், அதனால் பின்னால் இருந்தவர்களைப் போகச் சொன்னேன். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போகச் சொன்னேன். பைக்கில் வருகிறவன் இந்த மனநிலையில் எப்படி வருவான், வழியில் என்ன லாரி வரும் என்று ஒவ்வொரு ஹார்ன் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். என் மகன் என் கையைப் பிடித்து, அம்மா உனக்கா ஊசி என்று கேட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து அவன் வந்தான். சட்டையெல்லாம் ஏசி தூசி. என் பக்கத்தில் உட்கார்ந்து தன் பையனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா வரவே இல்லியா எனக்கு?"

"இல்லடா."

பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டான். "அந்த நர்ஸம்மா எங்க இருக்காங்க?"

தெரியவில்லை என்றேன். நான் தேடிப் பார்க்கவே இல்லை என்பதையும் சொன்னேன். முப்பத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தேடவில்லை.

உள்ளே போனோம். இரண்டு பிள்ளைகளையும் அவனே பிடித்துக்கொண்டான். பெண் அழவில்லை, பையன் அந்த அறையே அதிரும்படி அழுதான். அந்த அழுகையில் மூச்சு உள்ளே போய் வெளியே வருவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புது அட்டையில் டாக்டர் தேதி எழுதிக்கொண்டிருந்தபோது தம்பி தொண்டையைக் கனைத்தான்.

"டாக்டர், தகரத்துல கை கிழியற வேல எனக்கு. ஒரு தடுப்பூசியும் போட்டதில்ல. இப்ப போடலாமா?"

டாக்டர் சின்ன வயதுக்காரர். சிரித்தார். தாராளமாக என்றார்.

தம்பி சட்டைக் கையைச் சுருட்டினான். முப்பத்தெட்டு வயது ஆளின் தோள். பெயிண்ட் கறை இருந்தது, வெயிலில் கறுத்திருந்தது. ஒரு தழும்பும் இல்லை. நர்ஸ் பஞ்சை நனைத்தாள். ஸ்பிரிட் வாசனை வந்ததும் அவன் முகம் மாறியது.

"அக்கா" என்றான், என்னைப் பார்க்காமல். "புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன்.